இடுப்பில் தொங்கிய சிற்றேடு

(லெந்து காலக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு சிறுமியின் கதையோடு தொடங்குகிறேன். ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த சிறுமி அவள். அந்த வீட்டில் பெண்பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள வயதான பணிப்பெண் ஒருத்தி இருந்தாள். மிகவும் கண்டிப்பானவள். சாப்பாட்டு வேளை தவிர மற்ற நேரங்களில் பிள்ளைகளைத் தண்ணீர்கூடக் குடிக்க விடமாட்டாள். இப்போது தண்ணீருக்கு அடங்கிப் பழகாதவர்கள், நாளைக்குக் கல்யாணமாகிச் சாவிக்கொத்து கைக்கு வந்ததும் திராட்சரசத்துக்கு அடங்க மாட்டார்கள் என்பது அவள் சொன்ன நியாயம்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கு நடுவில்தான் அது நடந்தது. பீப்பாயிலிருந்து திராட்சரசம் மொண்டு வரும் வேலையைப் பெற்றோர் இந்தச் சிறுமிக்குக் கொடுத்திருந்தார்கள். மொள்ளும்போது உதட்டின் நுனியால் ஒரு துளி சுவைப்பாள். அதன் ருசி அவளுக்குப் பிடிக்கக்கூட இல்லை. சிறுபிள்ளைக் குறும்பு, அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு துளி, நாளைக்கு இரண்டு துளி என்று நாளாக நாளாக ஏறி, கடைசியில் கிண்ணம் நிறைய ஆசையோடு குடிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். கண்டிப்பான அந்தக் கிழவிக்கும் தெரியவில்லை, பெற்றோருக்கும் தெரியவில்லை. கூடப் போகும் வேலைக்காரப் பெண் ஒருத்திக்கு மட்டும் தெரியும். ஒருநாள் இருவருக்கும் சண்டை வந்தது. கோபத்தில் அவள் இவளைக் ‘குடிகாரி’ என்று ஏசிவிட்டாள். அந்தச் சொல் தைத்தது. சிறுமி தன்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்டதை வெறுத்தாள். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டாள்.

அந்தச் சிறுமியின் பெயர் மோனிக்கா. இதை எழுதி வைத்தவர் அவருடைய மகன் அகுஸ்தீன். தம் வாழ்க்கையைக் கடவுளிடம் ஒப்புவித்து அவர் எழுதிய நூலின் ஒன்பதாம் புத்தகத்தில் இது வருகிறது. தம் தாயைப் பற்றி எத்தனையோ பெருமைகளைச் சொல்லக்கூடியவர், இந்தச் சிறுவயதுப் பிழையையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இந்தக் கதையில் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். வெளியிலிருந்து வந்த கட்டுப்பாடு எவ்வளவு கடுமையாக இருந்தும் அந்தப் பழக்கத்தைத் தொடவில்லை. அவள் தன்னைத் தானே பார்த்த ஒரு நொடி அதை முறித்துப் போட்டது. இன்று மாலை நான் சொல்ல வந்ததும் இதுதான்: தன்னைப் பார்க்காதவன் தன்னை அடக்க முடியாது. அடக்கம் வேண்டுமென்றால் ஆராய்ச்சி அதற்கு முன்னால் வரவேண்டும்.

அகுஸ்தீனுக்குப் பழக்கத்தின் பலம் அனுபவத்தில் தெரியும். மனம் கோணும்போது இச்சை பிறக்கிறது. இச்சைக்கு இணங்க இணங்க அது பழக்கமாகிறது. பழக்கத்தைத் தடுக்காமல் விட்டால் அது இல்லாமல் முடியாது என்றாகிவிடுகிறது. இப்படி வளையத்தோடு வளையம் கோத்த சங்கிலியால்தான் கட்டுண்டு கிடந்ததாக அவர் எழுதுகிறார். சங்கிலியை வேறு யாரும் கொண்டுவந்து பூட்டவில்லை. ஒவ்வொரு வளையமும் அவர் கையால் செய்தது.

நம் சங்கிலிகளையும் எண்ணிப் பார்ப்போம். நம்மில் பெரும்பாலோர் கொலை செய்யவில்லை, களவு செய்யவில்லை. அதனால் பொது ஆராதனையில் பாவ அறிக்கை செய்யும்போது வார்த்தைகள் நம் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு போகின்றன. எந்தப் பாவத்தை நினைத்து அறிக்கை செய்கிறோம் என்று கேட்டால் நமக்கே சொல்லத் தெரியாது. ஆனால் ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் யாரைப் பற்றிப் பேசினோம்? காலையில் கண் விழித்ததும் கை முதலில் ஜெபத்துக்குக் குவிகிறதா, தலைமாட்டிலிருக்கும் போனைத் தேடுகிறதா? வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு “வந்துக்கிட்டே இருக்கேன்” என்று எத்தனை முறை சொன்னோம்? வேலை செய்தவருக்குச் சாயங்காலம் கொடுக்க வேண்டிய கூலியை, கையில் பணம் இருந்தும், நாளைக்கு வாங்கிக்கொள் என்று எத்தனை நாள் தள்ளினோம்? வெளியாரிடம் பேசும் குரல் ஒன்று, மனைவியிடம் பேசும் குரல் ஒன்று என்று நம்மில் எத்தனை பேருக்கு இரண்டு குரல் இருக்கிறது?

இவை துளிகள். மோனிக்கா உதட்டு நுனியில் சுவைத்த துளிகள்.

லெந்து காலத்துக்கு நம் வீடுகளில் பழைய மரியாதை உண்டு. சாம்பல் புதனிலிருந்து உயிர்த்தெழுந்த ஞாயிறு வரை பல வீடுகளில் கறி, மீன் சமைப்பதில்லை. கல்யாணம் வைப்பதில்லை. புதுத் துணி உடுத்தாதவர்கள் உண்டு. பூ வைக்காத பெண்கள் உண்டு. இதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. என் தாயார் இந்த நாற்பது நாளும் ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்து, அந்த அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்து, பெரிய வெள்ளிக்கு முன் ஓர் ஏழை வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அந்த ஒடுக்கத்தில் அன்பு இருந்தது. ஆனால் ஒரு கேள்வியை நாம் நம்மிடம் கேட்டாக வேண்டும். நாற்பது நாள் கறியை விட்டவன் நாற்பத்தோராம் நாள் எதில் மாறியிருக்கிறான்? போன வருஷ லெந்து காலத்தில் கோபக்காரனாக இருந்தவன் இந்த வருஷமும் அதே கோபக்காரனாக இருந்தால், உபவாசம் வயிற்றோடு நின்றுவிட்டது. உபவாசத்தை வைத்துக்கொண்டோம், சோதித்துப் பார்ப்பதைத் தவறவிட்டோம்.

தவறவிட்டோம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அது சபையிடம் ஆதியிலிருந்தே இருந்த பொருள். எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த வனத்து அந்தோணியார் 356-இல் மரித்தார். அவருடைய வரலாற்றை எழுதிய அத்தனாசியார் அவர் சொன்ன ஓர் ஆலோசனையைக் குறித்திருக்கிறார். ஒவ்வொருவரும் தம் செயல்களையும் உள்ளத்தில் எழும் அசைவுகளையும், மற்றவருக்குச் சொல்லப் போகிறவர்போல எழுதி வைக்க வேண்டும் என்பது அது. பிறர் பார்க்கும்போது செய்யக் கூசுகிற பாவத்தை, எழுத வேண்டுமே என்று நினைத்தாலும் செய்யக் கூசுவோம். தனியே வாழும் துறவிக்கு அந்த எழுத்தே உடன் சகோதரரின் கண்ணாக இருக்கும்.

சுமார் முந்நூறு ஆண்டுகள் கழித்து, சீனாய் மலையின் துறவியான யோவான் கிளிமாக்கஸ், பரலோகத்துக்கு ஏறும் முப்பது படிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் தாம் போய்த் தங்கிய ஒரு மடத்தில் கண்டதைச் சொல்கிறார். பந்தி மேற்பார்வை செய்யும் துறவியின் இடுப்புக் கச்சையில் ஒரு சிற்றேடு தொங்குவதைப் பார்த்து, அது என்ன என்று விசாரித்தார். அன்றன்று தம் மனதில் எழும் நினைவுகளை அவர் அதில் எழுதி வைத்து, எல்லாவற்றையும் மடத்தின் தலைவரிடம் போய்ச் சொல்வாராம். அந்த மடத்தில் இன்னும் பலர் அப்படியே செய்து வந்தார்களாம். அந்தத் துறவிக்குப் பந்தியில் எத்தனை வேலை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பம் பரிமாற வேண்டும், பாத்திரம் பார்க்க வேண்டும், வருகிறவர் போகிறவரைக் கவனிக்க வேண்டும். அந்த வேலைகளுக்கு நடுவிலேதான் அவர் எழுதினார். தன்னை ஆராய்வது ஓய்வுள்ளவர்களின் வேலை என்று நாம் சொல்ல முடியாதபடி அந்தப் பந்திக்காரர் நிற்கிறார்.

இந்த வழியை எல்லாரும் கைக்கொள்ளும்படி ஒழுங்குபடுத்தித் தந்தவர் லொயோலா இஞ்ஞாசியார். அவர் ஒரு போர்வீரர். 1521-இல் பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது மனம் திரும்பியவர். அவர் எழுதிய ஆன்மிகப் பயிற்சி நூலுக்கு 1548-இல் திருச்சபையின் ஒப்புதல் கிடைத்தது. அதில் ஒரு பயிற்சி மிகவும் எளிமையானது. உன் எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் பிடித்துக்கொள்ளாதே, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்கிறார். காலையில் எழுந்ததும் அந்த ஒன்றில் விழாதபடி தீர்மானம் செய். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை, இராச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை, மணி மணியாகப் பின்னோக்கிப் பார். எத்தனை முறை விழுந்தாயோ அத்தனை புள்ளி வை. நாளொன்றுக்கு இரண்டு கோடு, வாரத்துக்கு ஏழு நாள். நேற்றைய புள்ளிகளை இன்றையவற்றோடு ஒப்பிடு. போன வாரத்தை இந்த வாரத்தோடு ஒப்பிடு. விழுந்த அந்த நேரத்திலேயே கையை நெஞ்சில் வைத்து மனம் வருந்து. கூட்டத்தின் நடுவில் இருந்தாலும் யாருக்கும் தெரியாமல் இதைச் செய்யலாம் என்றும் சொல்கிறார்.

நாள் முழுவதையும் ஆராயும் பொதுவான சோதனைக்கு அவர் ஐந்து படிகள் வைத்தார். அதில் முதல் படி எது தெரியுமா? நன்றி. பெற்ற நன்மைகளுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் பாவத்தைத் தேடவே தொடங்க வேண்டும். இரண்டாவதாக, பாவத்தை அறியும் கிருபையைக் கேட்க வேண்டும். மூன்றாவதுதான் ஆராய்வது. நான்காவது மன்னிப்புக் கேட்பது. ஐந்தாவது திருந்தத் தீர்மானிப்பது. நன்றியில் தொடங்குகிறவன் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில்லை. தகப்பன் வீட்டில், விளக்கின் கீழே, பிள்ளையாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான்.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழில் அச்சேறிய முதல் நூல்களில் ஒன்றே இதைப் பற்றியதுதான். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானதை நாம் அறிவோம். முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே ஊழியம் செய்த அண்டிரிக் அடிகளார் தந்த நூல் அது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1580-இல், கொச்சியில் அவருடைய இன்னொரு நூல் அச்சானது. அதன் பெயர் ‘கொம்பெசியோனாயரு’. பாவ அறிக்கை செய்யப் போகிறவர் அதற்கு எப்படி ஆயத்தப்பட வேண்டும் என்று கற்பிக்கும் நூல் அது. எண்ணிப் பாருங்கள். இந்த மண்ணில் அச்சு இயந்திரம் வந்த புதிதில், அச்செழுத்துகளை ஒவ்வொன்றாக வார்த்துக் கோத்த அந்த நாட்களில், கடலோர மக்களின் கைக்குச் சேர வேண்டியவை என்று தேர்ந்தெடுத்த ஒருசில நூல்களில், மனிதன் தன் மனச்சாட்சியைத் திறந்து பார்க்க உதவும் நூலும் ஒன்று. 440 ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்க் கிறிஸ்தவனிடம் இந்தச் சொத்து இருக்கிறது. நாம்தான் பெட்டியைத் திறப்பதில்லை.

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லெந்து காலத்தில், இஞ்ஞாசியார் சொன்னபடி ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வாங்கினேன். நான் எடுத்துக்கொண்ட குறை கோபம். கோபம் என் சுபாவம், என் அப்பாவுக்கும் இருந்தது, இரத்தத்தில் வந்தது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் புள்ளி வைத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை இரவு உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது. காலைக் கோடுகள் அநேகமாக வெறுமையாகவே இருந்தன. புள்ளிகள் எல்லாம் சாயங்காலக் கோட்டில் குவிந்து கிடந்தன. வேலையிலிருந்து வீட்டுக்கு வந்ததற்கும் இராச் சாப்பாட்டுக்கும் இடையில், பெரும்பாலும் என் இளைய மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் விழுந்த புள்ளிகள் அவை. வேலை செய்யும் இடத்தில் என் மேலதிகாரி எத்தனை கடுமையாகப் பேசினாலும் எனக்கு ஒரு புள்ளிகூட விழவில்லை.

கோபம் என் இரத்தத்தில் இருந்திருந்தால் அது அதிகாரி முன்னாலும் வந்திருக்க வேண்டும். அது ஆள் பார்த்து வந்தது. திருப்பிப் பேச முடியாதவனிடம் வந்தது. நான் பொறுமையில்லாதவன் என்றுதான் நினைத்திருந்தேன். நான் எளியவனை மதிக்காதவன் என்று அந்தப் புள்ளிகள் காட்டின. பசியோடும் களைப்போடும் வீட்டுக்கு வந்த அந்த ஒரு மணி நேரத்தில் மகனோடு பாடத்துக்கு உட்காருவதை நிறுத்தினேன். முதலில் சாப்பாடு, பிறகு பாடம் என்று மாற்றினேன். அதைவிட முக்கியமாக, ஒருநாள் குடும்ப ஜெபத்துக்கு முன் என் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். புள்ளிகள் இன்றைக்கும் விழுகின்றன. ஆனால் எங்கே, எப்போது, யார் மேல் விழும் என்று எனக்குத் தெரியும்.

அன்பானவர்களே, இந்தப் பாதையில் இரண்டு குழிகள் உண்டு. இரண்டிலும் பெரியவர்களே விழுந்திருக்கிறார்கள்.

முதலாவது குழி, தன் பாவத்தைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போவது. இஞ்ஞாசியாரே இதில் விழுந்தவர். மொன்செராத் மடத்தில் தம் வாழ்நாள் பாவங்களை எழுதிவைத்து மூன்று நாள் அறிக்கை செய்தார். அதன் பிறகும், மன்ரேசாவில் இருந்தபோது, எதையோ சொல்லாமல் விட்டுவிட்டோமே என்ற வதை அவரை விடவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் வரும் அளவுக்கு நொந்துபோனார். மன்னிக்கப்பட்ட பழைய பாவங்களை இனிக் கிளறுவதில்லை என்று தீர்மானித்த பிறகே விடுதலை பெற்றார். மார்ட்டின் லூதரும் தம் மடத்து நாட்களில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தும் சமாதானம் காணாதவர்தான். மருந்து அளவு மீறினால் விஷம். ஆராய்ந்து பார்த்தபின் மன்னிப்பை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கத் தெரியாதவன் இன்னும் பாதி வேலைதான் செய்திருக்கிறான்.

இரண்டாவது குழி, தன் ஒழுக்கத்தைக் கணக்குக் காட்டுவது. தேவாலயத்தில் நின்று ஜெபித்த பரிசேயன் வாரத்துக்கு இரண்டு நாள் உபவாசம் இருந்தவன், தசமபாகம் தவறாதவன். அவனுக்குக் கட்டுப்பாடு இருந்தது, பார்வை இருக்கவில்லை. அவன் கண் தூரத்தில் நின்ற ஆயக்காரன் மேலேயே இருந்தது. ஆயக்காரனோ தன் மார்பில் அடித்துக்கொண்டான். நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குத் திரும்பினவன் அவனே.

ஜான் வெஸ்லியின் வாழ்க்கை இந்த இடத்தில் நமக்கு ஒளி தருகிறது. ஆக்ஸ்போர்டில் 1729 முதல் அவரும் நண்பர்களும் கூடி, நேரம் தவறாமல் ஜெபித்து, புதனும் வெள்ளியும் உபவாசித்து, சிறைகளுக்குப் போய், தங்களைக் கேள்விகளால் சோதித்துக்கொண்டார்கள். இத்தனை ஒழுங்கும் வெஸ்லிக்குச் சமாதானம் தரவில்லை. 1738 மே 24 அன்று இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த சிறு கூட்டத்தில், கிறிஸ்துவை மட்டுமே தம் இரட்சிப்புக்கு நம்புகிறோம் என்ற நிச்சயம் அவர் உள்ளத்தில் வந்தது. அதற்குப் பிறகு அவர் ஒழுங்கை விட்டுவிட்டாரா? விடவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, சிறு சிறு குழுக்களாக வாரம் ஒருமுறை கூடி ஒருவருக்கொருவர் குறைகளை அறிக்கை செய்வதற்கு விதிகளை எழுதினார். முன்பு இரட்சிப்பைச் சம்பாதிக்கச் செய்ததை, இப்போது இரட்சிப்பைப் பெற்றவராகச் செய்தார். செயல் ஒன்றுதான். நிற்கிற இடம் மாறியது.

பவுல் அப்போஸ்தலனும் இதைத்தான் நமக்குக் கற்பிக்கிறார். கலாத்தியருக்கு எழுதும்போது ஆவியின் கனியின் பட்டியலில் கடைசியாக இச்சையடக்கத்தை வைத்தார். கனி மரத்தில் காய்ப்பது, கட்டித் தொங்கவிடுவதல்ல. அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது பந்தய வீரனைக் காட்டுகிறார். கொரிந்துக்கு அருகில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய விளையாட்டுப் போட்டி நடக்கும். இலைகளால் கட்டிய, வாடிப்போகிற ஒரு முடிக்காக வீரர்கள் எல்லாவற்றிலும் தங்களை அடக்கிப் பழகினார்கள். கனி என்றால் கிருபை, பந்தயம் என்றால் பயிற்சி. மரத்துக்கு மழை மேலிருந்து வருகிறது. பாத்தி கட்டுவது நம் கை வேலை.

இதோடு சேர்த்து, மனதிலே பாரமாக இருக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திருவிருந்து ஆராதனை நாளில், ‘நான் பாத்திரன் அல்ல’ என்று சொல்லி எழுந்து போகிறவர்கள் நம் சபைகளில் உண்டு. வீட்டில் சண்டை, மனதில் பகை, சரிசெய்யாத கணக்கு. அதனால் ஒதுங்குகிறார்கள். அவர்களுடைய பயபக்தியை மதிக்கிறேன். ஆனால் பவுல் சொன்ன வரிசையைத் திரும்பவும் வாசித்துப் பாருங்கள். மனுஷன் தன்னைச் சோதித்துப் பார்க்கட்டும் என்றவர், சோதித்துவிட்டு ஒதுங்கிப் போகட்டும் என்று சொல்லவில்லை. பந்தியில் பங்குபெறட்டும் என்றார். சோதனையின் முடிவு பந்தி. தன்னைப் பார்த்தவன் வரவேண்டிய இடம் மேஜை. வீட்டுக்குப் போய்ச் சமாதானம் செய்துவிட்டு அடுத்த முறை வருவேன் என்று சொல்கிறவர்கள், அடுத்த முறைக்குள் அந்தச் சமாதானத்தைச் செய்துவிட்டு வாருங்கள்.

முடிக்கும் முன் நடைமுறையாகச் சிலவற்றைச் சொல்கிறேன். இந்த லெந்து காலத்தில் மீதியிருக்கிற நாட்களுக்கு ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் உங்கள் வீட்டாரைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். மோனிக்காவுக்குச் சண்டைக்காரி சொல்ல வேண்டியிருந்தது; நமக்கு நம்மை நேசிக்கிறவர்கள் சொன்னால் போதாதா? இரவு ஜெபத்துக்கு முன் ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நன்றி சொல்லுங்கள். பிறகு புள்ளி வையுங்கள். மன்னிப்புக் கேளுங்கள். பிறகு நிம்மதியாகத் தூங்குங்கள். வாரத்துக்கு ஒருமுறை, நம்பிக்கையான ஒருவரிடம், உங்கள் போதகரிடமோ கணவனிடமோ மனைவியிடமோ தோழரிடமோ, அந்த நோட்டைப் பற்றி மனம் திறந்து பேசுங்கள்.

பெற்றோரே, பிள்ளைகளின் குறைகளை எண்ணுவதை நாற்பது நாள் நிறுத்திவிட்டு, உங்கள் குறை ஒன்றை எண்ணுங்கள். குடும்ப ஜெபத்தில் அப்பா மன்னிப்புக் கேட்டதை ஒருமுறை கேட்ட பிள்ளை, மன்னிப்பு என்றால் என்ன என்பதை ஆயுளுக்கும் மறக்காது. வாலிபரே, போன் உங்கள் கையில் இருக்கிறதா, நீங்கள் அதன் கையில் இருக்கிறீர்களா என்று ஒரு வாரம் புள்ளி வைத்துப் பாருங்கள். சபை மூப்பர்களே, கூட்டங்களில் நாம் பேசுகிற பேச்சுக்கும் ஒரு கோடு போட்டு வைப்போம்.

உயிர்த்தெழுந்த ஞாயிறன்று காலையில் நாம் எல்லாரும் இங்கே மீண்டும் கூடுவோம். வரும்போது அந்த நோட்டைச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு வாருங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். திருவிருந்துக்கு முழங்கால்படியிடும்போது அது உங்களோடு இருக்கட்டும். புள்ளிகள் குறைந்திருந்தால் நன்றி சொல்லுங்கள். குறையாவிட்டாலும் கையை நீட்டுங்கள். பந்திக்கு அழைத்தவர் நம் புள்ளிகளை அறிந்துதான் அழைத்திருக்கிறார்.

கர்த்தர் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.